அவள் புலம்பவில்லை, அளந்து சொல்கிறாள்

நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறேன். படிக்காமல் லைக் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இன்று தயவுசெய்து லைக்கும் போட வேண்டாம். படித்துவிட்டுத் திட்டுங்கள், சந்தோஷப்படுவேன்.

டெக்சாஸில் இருக்கும் என் மகள் போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ போட்டாள். பேரன் தலையில் நீல நிற ஹெல்மெட். "இது சரியா பொருந்தலைன்னு தோணுது. யாருக்காவது இதைப் பத்தித் தெரியுமா?" என்று ஒரே வரி. வந்த பதில்கள் இவை. "மாப்ள பைக் ஓட்டப் போறாரா?" "எங்க காலத்துல எண்ணெய் தேய்ச்சு உருட்டி விட்டா தலை தானா உருண்டையாயிடும்." "குப்புறப் போட்டுத் தூங்க வை, ரெண்டே வாரம்." என்னிடம் கணக்குப் படித்த பையன் ஒருவன், இப்போது நம் சொந்தத்தில் மாப்பிள்ளை, "அத்தை, ஹெல்மெட்டே வேஸ்ட்னு ஆராய்ச்சியே வந்தாச்சு" என்று ஒரு லிங்க் அனுப்பினான். கடைசியாக ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், "முதல் குழந்தை, அதான் எல்லாத்துக்கும் பயம்" என்று எழுதினார்.

மற்றவற்றைச் சிரித்துக் கடந்துவிடலாம். அந்தக் கடைசி வரியை என்னால் கடக்க முடியவில்லை. ஏனென்றால் அதே வரியைத்தான் அந்த ஊர் கிளினிக்கிலும் மரியாதையான ஆங்கிலத்தில் என் மகளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் அந்த ஹெல்மெட் எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறந்த குழந்தையின் மண்டை ஓடு பல எலும்புத் தகடுகள் சேர்ந்தது, இளக்கமானது. ஒரே பக்கமாகத் தலை வைத்துப் படுத்துக்கொண்டே இருந்தால் பின்மண்டையில் அந்தப் பக்கம் தட்டையாகிவிடும். அந்தப் பக்கக் காதும் நெற்றியும் கொஞ்சம் முன்னால் தள்ளி வரும். மேலிருந்து பார்த்தால் தலை ஒரு இணைகரம் மாதிரி இருக்கும். எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் எத்தனை இணைகரம் போட்டிருப்பேன்! செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம், இணைகரத்தில் சமம் இல்லை. டாக்டர்கள் செய்வதும் அதேதான். தலையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து வித்தியாசத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறார்கள். என் பேரனுக்கு 13 மில்லிமீட்டர்.

"குப்புறப் போடு" என்ற மாமாவுக்கு ஒரு வார்த்தை. குழந்தையை மல்லாக்கப் போட்டுத்தான் தூங்க வைக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் விளையாட்டுக்குச் சொன்னது இல்லை. 1992-ல் அவர்களுடைய சங்கம் அந்த அறிவுரையைக் கொடுத்தது, 1994-ல் அதுவே நாடு தழுவிய பிரசாரமானது. தொட்டிலில் தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறந்துபோகும் குழந்தைகளின் விகிதம் அடுத்த பத்து வருடங்களில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதற்குப் பின் தட்டைத் தலைகள் கூடின என்பதும் உண்மை. தட்டைத் தலையோடு உயிரோடு இருக்கும் குழந்தை போதும் எங்களுக்கு. விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருக்கும்போது, குப்புறப் போட்டு விளையாட விடலாம், விட வேண்டும். என் மகள் அதை இரண்டு மாதத்திலிருந்தே செய்தாள். தூங்கும்போது மட்டும் கூடாது. எண்ணெய் தேய்க்கும் பெரியம்மாவுக்கும் சேர்த்தே சொல்கிறேன், எண்ணெய் தேயுங்கள், மண்டையை அமுக்காதீர்கள்.

இப்போது அந்த லிங்க். தம்பி, நீ அனுப்பியது நல்ல ஆராய்ச்சி. நெதர்லாந்தில் நடந்து, 2014-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. 84 குழந்தைகள். பாதிப் பேருக்கு ஐந்து ஆறு மாத வயதிலிருந்து ஆறு மாதம், நாளைக்கு 23 மணி நேரம் ஹெல்மெட். மீதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. இரண்டு வயதில் பார்த்தால் முழுதாகச் சரியானவர்கள் ஹெல்மெட் போட்டவர்களில் 26 சதவீதம், போடாதவர்களில் 23 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. இதைப் படித்துவிட்டு ஹெல்மெட் வேண்டாம் என்று ஒரு பெற்றோர் முடிவெடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையும் பொதுவாக ஹெல்மெட் தருவதில்லை.

ஆனால் லிங்க் அனுப்பினால் போதுமா? நீ உள்ளே படித்தாயா? கழுத்துத் தசை இறுக்கம் உள்ள குழந்தைகளை அதில் சேர்க்கவில்லை. என் பேரனுக்கு அந்த இறுக்கம் உண்டு. தட்டை மிகவும் அதிகமாக இருந்த குழந்தைகளும் அதில் இல்லை. 2016-ல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்கள் வெளியிட்ட வழிகாட்டுதல், படுக்கும் நிலையை மாற்றியும் பயிற்சி கொடுத்தும் சரியாகாத, நடுத்தரத்துக்கு மேலான தட்டைக்கு ஹெல்மெட்டைப் பரிந்துரைக்கிறது. ஆக இரண்டு பக்கமும் படித்தவர்கள் இருக்கிறார்கள். என் மகளும் மாப்பிள்ளையும் இரண்டையும் படித்துவிட்டு, குழந்தை மருத்துவரிடமும் பேசிவிட்டுப் போட முடிவெடுத்தார்கள். மண்டை ஓட்டின் தையல்கள் முன்கூட்டியே மூடிக்கொள்ளும் இன்னொரு நோய் இருக்கிறது, அதற்கு வைத்தியமே வேறு. அது இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் இதெல்லாம்.

அந்த ஆராய்ச்சியில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒன்று. ஹெல்மெட் போட்ட குழந்தைகளின் பெற்றோர் ஒருவர் விடாமல் ஏதோ ஒரு தொந்தரவைச் சொல்லியிருக்கிறார்கள். தோல் சிவந்தது என்று சொன்னவர்கள் மட்டும் 96 சதவீதம். வியர்வை, நாற்றம், குழந்தையை அணைத்துக் கொஞ்ச முடியவில்லை என்பதெல்லாம் பட்டியலில் உண்டு. ஹெல்மெட் நகர்கிறது, திரும்பிக்கொள்கிறது என்றும் பெரும்பாலோர் சொன்னார்கள். முடிவு வெளியானதும் ஹெல்மெட் தரப்பிலிருந்து வந்த முக்கியமான மறுப்பு என்ன தெரியுமா? "அந்த ஹெல்மெட்டுகள் சரியாகப் பொருந்தவில்லை, அதனால்தான் பலன் தெரியவில்லை" என்பதுதான்.

நல்லது, ஒத்துக்கொள்கிறேன். பொருத்தம் இல்லாவிட்டால் பலன் இல்லை. ஆராய்ச்சியை மறுக்கும்போது பொருத்தம்தான் எல்லாம். அதையே ஒரு தாய் போன் செய்து "பொருந்தவில்லை" என்றால் மட்டும் பொருத்தம் சின்ன விஷயமாகி, பயம் பெரிய விஷயமாகிவிடுகிறதா? எந்த ஊர் நியாயம் இது?

அந்த ஹெல்மெட் தலையை நசுக்குவதில்லை. புடைத்த இடத்தில் தொட்டுக்கொண்டு நிற்கும், தட்டையான இடத்தில் காலி இடம் விட்டிருக்கும். வளர்கிற தலை தடுக்காத பக்கமாக வளர்ந்து அந்தக் காலி இடத்தை நிரப்பும். கட்டட வேலையில் சென்ட்ரிங் அடிப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அந்த ஹெல்மெட் இரண்டு சென்டிமீட்டர் பக்கவாட்டில் திரும்பிவிட்டால்? காலி இடம் தட்டையை விட்டு நகர்ந்துவிடும். எங்கே இடம் வேண்டுமோ அங்கே சுவர் வந்து நிற்கும். இதைப் பாதி வைத்தியம் என்றுகூடச் சொல்ல முடியாது, எதிர் வைத்தியம்.

என் மகள் சொன்னது இதைத்தான். இரவு நேராகப் போட்டால் காலையில் மூக்குக்கு நேராக இருக்க வேண்டிய கோடு இடது புருவத்துக்கு மேலே நிற்கிறது. ஹெல்மெட் முழுதாக இறங்காமல் உச்சியில் ஏறி நிற்கிறது. இடது நெற்றியில் வரும் சிவப்பு ஒரு மணி நேரத்தில் மறைய வேண்டும் என்று கொடுத்த அன்று அவர்களே சொன்னார்கள், இரண்டு மணி நேரம் கழித்தும் மறையவில்லை. இதை அவள் நோட்டில் தேதி, நேரம் போட்டு எழுதி வைத்திருந்தாள். ஒன்பது நாள் பதிவு, கூடவே போட்டோ. என் வகுப்பில் இப்படி ஒரு செய்முறை நோட்டு வந்திருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன்.

கிளினிக்கின் பதில்: "குழந்தை பழகிக்கொள்வான். இடைவெளி இருப்பதுதான் டிசைன். உங்களுக்கு இது முதல் குழந்தையா?" அடுத்த அப்பாயின்ட்மென்ட் மூன்று வாரம் கழித்து.

ஏன் பொருந்தவில்லை என்பதற்கு ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை, உங்கள் டீச்சரின் கணக்கே போதும். நாலரை மாதத்தில் தலையை ஸ்கேன் செய்தார்கள். இன்ஷூரன்ஸ் அனுமதி இழுத்தடித்து ஹெல்மெட் கைக்கு வந்தபோது ஆறு மாதம். நடுவில் ஆறு வாரம். மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை குழந்தையின் தலைச் சுற்றளவு மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும், எந்தக் குழந்தை மருத்துவப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆறு வாரத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர். அதை 3.14-ஆல் வகுங்கள். விட்டத்தில் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர். சரிசெய்ய வேண்டிய கோணலே 13 மில்லிமீட்டர் என்னும்போது, 5 மில்லிமீட்டர் பழைய அளவில் செய்த சட்டியை மாட்டிவிட்டு "பழகிக்கொள்வான்" என்றால் என்ன அர்த்தம்? தீபாவளிக்குக் கொடுத்த அளவில் சித்திரையில் சட்டை தைத்துத் தந்தால் நம் ஊர் டெய்லரைச் சும்மா விடுவோமா?

இன்னொன்று கேளுங்கள். 1998-ல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இந்த ஹெல்மெட்டுகளை மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கான மருத்துவச் சாதனமாக வகைப்படுத்தியது. கூடவே எச்சரிக்கை வாசகங்களும் கட்டாயம் என்றது. குழந்தையின் வயதுக்கும் வளர்ச்சி வேகத்துக்கும் ஏற்ற இடைவெளிகளில் தலைச் சுற்றளவை அளக்க வேண்டும் என்பது ஒன்று. தோலை அடிக்கடி, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போல, பார்க்க வேண்டும் என்பது இன்னொன்று. ராத்திரி இரண்டு மணிக்கு எந்த நிபுணர் வந்து பார்க்கப் போகிறார்? பார்ப்பது தாய். அவள் பார்ப்பாள் என்று நம்பித்தான் அந்த விதியே ஓடுகிறது. ஒரு ஆளிடம் கண்காணிப்பு வேலையைக் கொடுத்துவிட்டு, அவர் கண்டதைச் சொன்னால் "உங்களுக்குப் பயம்" என்பது எனக்குப் புரியவில்லை. நிபுணர் அந்தத் தலையை மாதத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் அதிகம். அவள் எழுநூறு மணி நேரம் பார்க்கிறாள்.

இதற்கு மேல்தான் எனக்கு நிஜமாகவே ரத்தம் கொதித்தது. மூன்று முறை மகள் பேசியும் நகராத அப்பாயின்ட்மென்ட், மாப்பிள்ளை ஒரே ஒரு முறை பேசியதும் இரண்டு நாளில் கிடைத்துவிட்டது. அவர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. மனைவியின் நோட்டைப் பார்த்து அப்படியே வாசித்திருக்கிறார். குரல் ஆண் குரல், அவ்வளவுதான். இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய வியாதி என்று யாரும் நிம்மதிப்பட வேண்டாம். நம் குழுவில் "முதல் குழந்தை, அதான்" என்று எழுதியவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

அன்று வேறொரு நிபுணர் பார்த்தார். டேப்பை எடுத்துச் சுற்றளவு அளந்தார், பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "இதைச் செதுக்கிச் சரிசெய்ய முடியாது, திரும்ப ஸ்கேன் எடுக்க வேண்டும்" என்றாராம். அந்தப் பத்து நிமிடத்தை முதல் போனிலேயே கொடுத்திருந்தால் ஒன்பது நாள் அந்தக் குழந்தையின் நெற்றி சிவந்திருக்காது. அந்த மனிதருக்கு மட்டும் என் நன்றி.

வெளிநாட்டில் இருக்கும் என் பெண் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். உங்களில் யாருக்காவது இப்படி வந்தால், "பயமா இருக்கு" என்று பேச்சைத் தொடங்காதீர்கள். அந்த ஒரு வார்த்தை போதும், அடுத்து நீங்கள் சொல்வது எதுவும் அவர்கள் காதில் விழாது. "இத்தனை மணிக்குக் கழற்றினேன், இத்தனை மணி வரை சிவப்பு இருந்தது, கோடு இத்தனை சென்டிமீட்டர் நகர்ந்தது, ஸ்கேன் எடுத்தது இந்தத் தேதி, ஹெல்மெட் வந்தது இந்தத் தேதி, இன்றைய சுற்றளவை அளந்து சொல்லுங்கள்" என்று எழுத்தில் அனுப்புங்கள். சிவப்பு மறையவில்லை, தோல் உரிகிறது என்றால் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் குழந்தை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். அவர்கள் சொல்லும் 23 மணி நேரம் சரியாகப் பொருந்திய ஹெல்மெட்டுக்கு உரிய கணக்கு. குழுவில் இருக்கும் பெரியவர்கள் அதுவரை எண்ணெயைப் பற்றிப் பேசாமல் இருந்தால் பெரிய உதவி.

புது ஹெல்மெட் இந்த முறை பத்து நாளில் வந்துவிட்டது. காலையிலும் கோடு மூக்குக்கு நேராகவே நிற்கிறதாம். ஆனால் இன்ஷூரன்ஸ் ஒரு ஹெல்மெட்டுக்குத்தான் பணம் தரும், இரண்டாவதற்கு நீங்கள்தான் கட்ட வேண்டும் என்று சில ஆயிரம் டாலருக்குப் பில் அனுப்பியிருக்கிறார்கள். மகள் அந்த ஒன்பது நாள் நோட்டை ஸ்கேன் செய்து, இரண்டு சுற்றளவுகளையும் எழுதி, பணம் கட்ட முடியாது என்று பதில் அனுப்பிவிட்டாள். இந்த முறை கையெழுத்து அவளுடையது மட்டும்தான். மாப்பிள்ளை போடுகிறேன் என்றாராம், வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.