இருக்குமிடம் சொல்லும் வானொலி

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் இத்தீவைத் தாக்கியபோது 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். மலைகள் சரிந்தன, பாலங்கள் அறுந்தன, பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் ஒருசேர ஓய்ந்தன. அடுத்த புயல் வடமராட்சியை நாடி வரின், நாம் எதைக்கொண்டு பேசப்போகிறோம்? நெல்லியடிச் சந்தியில் நின்று இக்கேள்வியைக் கேட்கிறோம்.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின், விக்டர் குணத்திலக்க முதலிய அமெச்சூர் வானொலியாளர்கள் அம்பாந்தோட்டையிலிருந்து சிற்றலை வழியே கொழும்புக்குச் செய்தி அனுப்பினர். அதே அலை மணற்காட்டையும் மருதங்கேணியையும் வாரிச்சென்றது. அக்கரையில் அத்தகைய நிலையம் அமைக்க நம்மிடையே எத்தனை பேர் இருந்தனர்? போர்க்காலத்தில் மின்கலம்கூடத் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் நாம். கேட்கக் கற்றோம், பேச இடமிருக்கவில்லை.

அமெரிக்கக் கடற்படைக் கல்லூரிப் பொறியியலாளர் பொப் புரூனிங்கா வகுத்த ஒரு முறை இன்று பல நாடுகளில் வழங்குகிறது, ஏ.பி.ஆர்.எஸ். என்பர். ஜி.பி.எஸ். கருவி இடத்தைக் கணிக்க, சிறிய வானொலிப்பெட்டி அழைப்புக்குறியையும் இடத்தையும் சில சொற்களையும் நொடிப்பொழுதில் அனுப்பிவிடும். அதனை ஏற்கும் நிலையம் இணையத்தில் சேர்க்க, உலகின் எம்மூலையிலும் அப்புள்ளி வரைபடத்தில் தோன்றும். இணையம் அறுந்தாலும் வானொலி அறாது. ஒரு நிலையம் கேட்டதை மறுநிலையம் திருப்பிச் சொல்லும். எங்கோ ஒரு நிலையத்துக்கு இணையம் எஞ்சியிருப்பின், செய்தி கரைசேரும். மலையற்ற நம் குடாநாட்டில் 30 மீற்றர் உயரக் கம்பம் ஏறத்தாழ 20 கிலோமீற்றர் சுற்றளவைக் காணும். ஒரு கார் பாட்டரியும் சூரியத் தகடும் போதும்.

வெள்ளம் சூழ்ந்த ஊருக்கு உணவேற்றிச் சென்ற உழவு இயந்திரம் எங்கே நிற்கிறது, மந்திகை வைத்தியசாலைக்குப் புறப்பட்ட வாகனம் எவ்வழியில் சிக்கியது என்பதைப் பிரதேச செயலகத்திலிருந்தே காணலாம். மழையளவையும் காற்றின் வேகத்தையும் இதே முறை அனுப்பும். கொழும்பிலிருந்து வரும் 'வடக்கில் பரவலாக மழை' என்னும் சொல்லை நம்பி வெங்காயம் நடுபவனுக்குக் கரவெட்டியில் பெய்த மழை தெரிவது சிறிய காரியமன்று.

இருக்குமிடத்தை உலகறியச் சொல்வதா என்று அஞ்சுவோர் உளர். சோதனைச் சாவடிகளின் நடுவே வாழ்ந்தவர் அஞ்சாமல் எவர் அஞ்சுவர்? ஆனால் கருவியை இயக்குபவன் விரும்பினாலன்றி அது எதையும் அனுப்பாது. அனுப்பியதை எவரும் படிக்கலாம் என்பதும் உண்மையே; சங்கேத மொழிக்கு அமெச்சூர் வானொலியில் இடமில்லை. ஆகவே நோயாளியின் பெயரையோ தனிப்பட்டோர் விவரங்களையோ இதில் ஏற்றலாகாது. ஊதியத்துக்கும் வணிகத்துக்கும் இது உரியதன்று; மீன்பிடி முதலாளி தன் படகுகளை மேய்க்க இதை நாடவேண்டாம்.

உரிமமின்றி அனுப்புவது குற்றம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம் தெளிவாகவே உள்ளது. பேரிடர்ச் சேவைக்கு அமெச்சூர் நிலையங்களை ஆயத்தப்படுத்த அரசுகள் வழிசெய்யவேண்டுமென 2003ஆம் ஆண்டின் உலக வானொலி மாநாடும் ஊக்கியது. எனவே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் நாம் கேட்பவை இரண்டே. விண்ணப்பமும் பாடத்திட்டமும் வினாத்தாளும் தமிழில் வேண்டும். தேர்வு யாழ்ப்பாணத்திலும் நடைபெறவேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழை அரசகரும மொழியாக்கியபின் இதைச் சலுகையென எவரும் பெயரிட முடியாது. பாதுகாப்பைக் காரணங்காட்டி ஒரு வடமராட்சி இளைஞனின் விண்ணப்பம் கிடப்பில் போடப்படுமானால், காரணத்தை எழுத்தில் கேட்போம். வேண்டின் நீதிமன்றிலும் கேட்போம்.

நம்மவர் செய்யவேண்டியதும் உண்டு. வடமராட்சி தென்மேற்குப் பிரதேச சபை ஒரு கம்பத்துக்கு இடம் ஒதுக்கட்டும். பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியர்கள் மாலை வகுப்பொன்றைத் தொடங்கட்டும். அடுத்த வடகீழ்ப் பருவக்காற்றுக்குமுன் பத்துப் பேர் தேர்வுக்கு அமர்ந்தால், நெல்லியடியிலிருந்து முதற் புள்ளி வரைபடத்தில் ஏறும்.