மெஷின் சொன்னால் வேதவாக்கா?



பொன்மலைச் சந்தைக்குப் போன அப்பா, காய்கறிப் பையோடு ஒரு துண்டுச் சீட்டும் கொண்டு வந்தார். "கொழுப்பு 31 சதவீதமாம்டா!" யாரோ நடத்திய இலவச முகாமில் மெஷின் மேல் ஏற்றிப் பார்த்தார்களாம். அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். நாலாம் நாள் ஒர்க்ஷாப்பில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்.

அந்த மெஷின் கொழுப்பையா அளக்கிறது? இல்லவே இல்லை! நம்ம லேபில் அளக்கிற மின்தடையைத்தான். சுமார் 50 கிலோஹெர்ட்ஸில், ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவான மின்னோட்டம் ஒரு பாதத்தில் ஏறி மறுபாதத்தில் இறங்குகிறது. தசையில் தண்ணீர் அதிகம், சுலபமாகப் போகும். கொழுப்பில் திணறும். அந்தத் தடையோடு உயரம், எடை, வயது எல்லாம் சேர்த்து ஒரு சூத்திரம் கணக்குப் போடுகிறது. மறுவாரம் நானும் ஏறினேன். உயரத்தை 5 செ.மீ. கூட்டிச் சொன்னேன், கொழுப்பு குறைந்துவிட்டது! உடம்பு என்னவோ அதேதான்.

உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தால் கொழுப்பைக் கூட்டிக் காட்டும். நீர் கோத்துக் கால் வீங்கியிருந்தால் குறைத்துக் காட்டும். நோயாளிக்கு நற்சான்றிதழ்! கால்வழியாக மட்டும் அளப்பதால், நாம் பயப்படுகிற தொப்பையைப் பற்றித்தான் அதற்கு ரொம்பக் குறைவாகத் தெரியும்.

சூத்திரம் யார் உடம்பை வைத்துப் போட்டது? 2004-ல் 'லான்செட்' இதழில் புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் தங்களையே ஒப்பிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. கொழுப்போ யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம், யுட்கினுக்கு 9.1! வேறு நாட்டார் சூத்திரம் நமக்கு அப்படியே பொருந்துமா?

மெஷினைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒரே மெஷினில், காலையில் வெறும் வயிற்றில், மாதாமாதம் பார்த்தால் ஏற்ற இறக்கம் ஓரளவு தெரியும். ஆனால் ஒரே ஒரு தடவை பார்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஏறவே கூடாது.

காலிபரேஷன் தேதி தாண்டிய மைக்ரோமீட்டரை அப்பா கையால் தொடமாட்டார். தன் உடம்பு என்றதும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை! பிழை வரம்பு எழுதாத ரீடிங்குக்கு லேபில் நமக்கு மார்க் கிடையாது. அந்தச் சீட்டில் மட்டும் வெறும் 31 எப்படி வந்தது? நாளை இத்தகைய கருவிகளைச் செய்யவும் விற்கவும் போகிறவர்கள் நாம்தான். எண்ணுக்குப் பக்கத்தில் 'கூடக்குறைய இவ்வளவு' என்று அச்சடிக்கும் நேர்மை நம்மிடமிருந்து தொடங்கட்டுமே!

— மூன்றாமாண்டு மின்னணுவியல் மாணவன்