தீப்புண்ணுக்கு சில்வர் கிரீம்: கிருமியை மட்டும்தான் தாக்குமா?

குக்கர் ஆவி கையில் பட்டதும் மெடிக்கல் ஷாப்பில் என்ன கேட்பீர்கள்? பெரும்பாலும் 1% சில்வர் சல்ஃபாடயசின் கிரீம். 1960-களிலிருந்து புழக்கத்தில் உள்ள மருந்து.

எப்படி வேலை செய்கிறது?
வெள்ளி அயனிகள் பாக்டீரியா புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பிடித்து, அவற்றை முடக்கிவிடும்.

அப்போ சிக்கல் என்ன?
அதே கந்தகம் நம்ம தோல் செல்களிலும் இருக்கு. அளவு கூடினால், புண்ணை மூட வேண்டிய செல்களும் அடிவாங்கும். 2013 காக்ரேன் ஆய்வறிக்கைப்படி, வெள்ளி பூசிய கட்டு போன்ற மாற்றுகளைவிட இந்த கிரீம் போட்ட புண்கள் ஆறுவதில் பின்தங்கின. அந்தக் கட்டுகள் வெள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுபவை. கிரீமையோ தினமும் துடைத்துப் பூச வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?
முதலில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர். கிரீம் தேவையா என்பதை டாக்டர் சொல்லட்டும்.