கடைமடைக்குத் தண்ணீர் வரலையா?

'போர்டு போச்சு சார்!'

இன்ஜினீயரிங் படிக்கிற பையன் இருக்கிற வீடுகளில் இந்த அலறலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். போனது வேறொன்றுமில்லை, ராஸ்பெர்ரி பை. 2012-ல் இங்கிலாந்தில் பிறந்த, உள்ளங்கையில் அடங்கும் கம்ப்யூட்டர். தோப்பு மோட்டாரை வீட்டிலிருந்தே ஓட்டலாம் என்று சொல்லி வாங்கியிருப்பான். நேற்று ராத்திரி வரை ஓடியது, காலையில் திரை இருட்டு. புதுசு வாங்க அப்பாவிடம் போய் நிற்க வேண்டும். அவரோ 2018 கஜாவில் சாய்ந்தது போக மிச்சமிருக்கிற தென்னையை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்.

தம்பி, கொஞ்சம் பொறு. அநேகமாக போர்டு போயிருக்காது.

கம்ப்யூட்டருக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. புரோகிராமை ஏற்றுவதற்கே ஒரு புரோகிராம் வேண்டும். முதல் புரோகிராமை யார் ஏற்றுவது? அதனால் சிப்புக்குள்ளேயே ஒரு குட்டிப் புரோகிராமைப் பதித்துவைத்திருக்கிறார்கள். அது எழுந்து அடுத்தவனை எழுப்பும், அவன் அதற்கடுத்தவனை எழுப்புவான். இதற்குத்தான் 'பூட்' ஆவது என்று பெயர்.

பட்டுக்கோட்டைக்காரருக்கு இது புதுசா என்ன? மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை வந்து, புது ஆற்றில் பிரிந்து, தஞ்சாவூர், ஒரத்தநாடு தாண்டி நம்மூருக்கு வருகிறது. வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வயலையா மாற்றுவோம்? எந்த மதகு வரை வந்திருக்கிறது என்று வாய்க்காலோடு மேலே நடந்து பார்க்க மாட்டோமா? அதேதான்.

மேட்டூர் என்பது கரண்ட். ராஸ்பெர்ரி பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். பழைய செல்போன் சார்ஜரும் நூல் மாதிரி ஒயரும் அதைத் தராது. 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் திரை மூலையில் மின்னல் படம் போட்டு முனகும். சிவப்பு விளக்கே எரியவில்லையா? முதலில் சார்ஜரையும் ஒயரையும் சந்தேகப்படுங்கள்.

கல்லணை என்பது மெமரி கார்டு. கார்டைப் படிக்கும்போது பச்சை விளக்கு துடிக்கும். துடிக்கவே இல்லை என்றால் கார்டு பக்கம் போங்கள். ஏழு ஏழு தடவையாகச் சிமிட்டினால் 'கெர்னல் ஃபைலைக் காணோம்' என்று அர்த்தம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் கட்டானால் கார்டு கெடும். கரண்ட் கட்டுக்கு நம்மூரில் பஞ்சமா! வேறொரு கார்டில் புதிதாக எழுதிப் போட்டுப் பாருங்கள்.

அதற்கும் அசையவில்லையா? சீரியல் ஒயரை மாட்டி, வேகத்தை 115200 என்று வைத்தால் போர்டு தன் கதையை வரி வரியாகச் சொல்லும். (அதற்கு முன் கார்டில் உள்ள கான்ஃபிக் ஃபைலில் சீரியலை இயக்கும் வரி இருக்க வேண்டும்.) எந்த வரியோடு பேச்சு நின்றதோ, அங்கேதான் மதகு மூடியிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: அந்த ஒயர் 3.3 வோல்ட் ரகமாக இருக்கட்டும். 5 வோல்ட்டை ஏற்றினால் அப்போது நிஜமாகவே போர்டு போச்சு!

பெரிய இடத்திலும் இந்தக் கதை உண்டு. 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் ஸ்பிரிட் வண்டி, மூன்று வாரம்கூட ஆவதற்குள் திரும்பத் திரும்ப ரீபூட் ஆக ஆரம்பித்தது. போய்க் கார்டை மாற்றவா முடியும்? ஃபிளாஷ் நினைவகத்தைத் தொடாமல் எழுந்திரு என்று இங்கிருந்தே கட்டளை அனுப்பினார்கள். எழுந்தது. ஃபிளாஷில் ஃபைல்கள் ஏகத்துக்கும் குவிந்திருந்ததுதான் வினை. சுத்தம் செய்தார்கள். 90 நாளைக்கென்று போன வண்டி 2010 வரை பேசிக்கொண்டிருந்தது.

2025 பிப்ரவரியில் சென்னை ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவும் தங்கள் ஐரிஸ் சிப்பைப் பற்றிப் பெருமையாக அறிவித்ததே, அது வெற்றிகரமாக பூட் ஆனது என்பதைத்தான். முதல் மூச்சு விடுவது அவர்களுக்கே அவ்வளவு பெரிய விஷயம்.

பி.காம். படித்தவன் என்ற உரிமையில் ஒரு வார்த்தை. டிரயல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்று யாரும் லெட்ஜரைக் கொளுத்துவதில்லை. ஒவ்வொரு கணக்காகத்தான் டிக் அடித்துக்கொண்டு போவோம். இங்கேயும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சார்ஜர், கார்டு, ஒயர் மூன்றையும் சேர்த்து மாற்றினால் போர்டு எழுந்துவிடும். குற்றவாளி யார் என்பது மட்டும் தெரியாது. அடுத்த வாரம் அவனே மறுபடி வருவான்!