மலை குறைந்த டெக்சாஸில் பாறைக்கு அடியில் கரண்ட் சேமிப்பு: எப்படி சாத்தியம்?

மேற்கு டெக்சாஸில் காற்று பலமாக வீசும் சில இரவுகளில் மின்சாரத்தின் மொத்த விலை பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். கரண்ட்டையும் கொடுத்து, கூடவே காசும் கொடுக்கிற நிலைமை! உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அமெரிக்க அரசின் வரிச்சலுகை இருப்பதால், காற்றாலைகளுக்கு அப்போதும் கட்டுப்படியாகிறது.

இதே டெக்சாஸில்தான் 2021 பிப்ரவரி பனிப்புயலில் லட்சக்கணக்கான வீடுகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அரசுக் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள். மெகாவாட் மணிக்கு 9,000 டாலர் என்ற உச்சவரம்பில் போய் நின்றது விலை.

மிச்சமாகும் நேரத்தில் சேர்த்துவைத்து, தட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ள முடியாதா? இந்தக் கேள்விக்கு ஹூஸ்டனைச் சேர்ந்த இரண்டு நிறுவனங்கள் சொல்லும் பதில், தண்ணீரும் பாறையும்.

எப்படி வேலை செய்கிறது?

கோவை மாவட்டத்தின் காடம்பாறை மின் நிலையம் நினைவிருக்கலாம். கரண்ட் மிச்சமாகும்போது கீழ் அணைத் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி டர்பைனைச் சுற்றுவார்கள். 400 மெகாவாட் திறன். ஆனால், அதற்கு மலை வேண்டும். டெக்சாஸின் பெரும்பகுதி தட்டையான நிலம்.

அதனால் அங்கே மலையின் வேலையைப் பாறையின் எடை செய்கிறது. ஆழமாகக் கிணறு தோண்டி, தண்ணீர் கசியாத பாறை அடுக்கில் ஒரு விரிசலை உருவாக்குகிறார்கள். மிச்ச கரண்ட்டில் பம்ப்பை ஓட்டித் தண்ணீரை அழுத்தத்தோடு உள்ளே திணித்தால், விரிசல் பலூன் மாதிரி விரியும். வால்வை மூடினால் தண்ணீர் அங்கேயே சிறைப்படும். திறந்தால், மேலிருக்கும் பாறையின் எடை அதைப் பீய்ச்சி வெளியே தள்ளும். அந்த வேகத்தில் டர்பைன் சுற்றும். அவ்வளவுதான். வெளியே வந்த தண்ணீர் குளத்தில் சேர்ந்து, அடுத்த சுற்றுக்கு மறுபடி உள்ளே போகும்.

பாறையைத் தண்ணீரால் பிளக்கும் இந்த வித்தை, ஷேல் எண்ணெய்க்காரர்கள் வளர்த்தெடுத்தது. சூழலியலாளர்கள் திட்டித் தீர்த்த அதே தொழில்நுட்பம் இப்போது காற்றாலைக்குத் துணைக்கு வருகிறது!

இதுவரை என்ன நடந்திருக்கிறது?

2013-ல் தொடங்கிய குவிட்நெட் எனர்ஜி, சான் அன்டோனியோ நகரின் சொந்த மின் நிறுவனமான சிபிஎஸ் எனர்ஜியுடன் 2022-ல் 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. முதல் கட்டம் 1 மெகாவாட், 10 மணி நேரம். ஆறு மாதம் வரை ஆற்றலைத் தேக்கிவைத்துக் காட்டியதாக 2025-ல் குவிட்நெட் அறிவித்தது.

இன்னொன்று சேஜ் ஜியோசிஸ்டம்ஸ். ஷெல் நிறுவனத்தில் நீண்டகாலம் இருந்த சிண்டி டாஃப் இதன் தலைவர். சான் மிகுவேல் மின் கூட்டுறவு நிறுவனத்துக்காக 3 மெகாவாட் சேமிப்பு நிலையம் அமைப்பதாக 2024 ஆகஸ்ட்டில் சேஜ் அறிவித்தது. அந்தக் கூட்டுறவு நிறுவனம் ஓட்டிவருவது பழுப்பு நிலக்கரி அனல்மின் நிலையம் என்பது சுவாரஸ்யம்.

போட்ட கரண்ட் முழுதும் திரும்ப வராது. 100 யூனிட் போட்டால் 70 முதல் 75 வரை கிடைக்கும் என்கிறது சேஜ். லித்தியம் பேட்டரி இதில் மேல். சுமார் 85 கிடைக்கும்.

நிலநடுக்கம் வராதா?

நியாயமான பயம். எண்ணெய்க் கிணறுகளின் கழிவுநீரை மேற்கு டெக்சாஸில் பூமிக்குள் செலுத்தியதால் நிலநடுக்கங்கள் வந்து, 2021 டிசம்பரில் ஒரு பகுதியில் ஆழமான கழிவுநீர்க் கிணறுகளை நிறுத்தச் சொன்னது மாநில ஒழுங்குமுறை ஆணையம். அங்கே தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. இங்கே போன தண்ணீர் திரும்பி வருகிறது, அளவும் குறைவு. ஆனாலும் ஒரே பாறையைத் தினமும் ஊதி இறக்கினால் 20 ஆண்டுகளில் என்ன ஆகும் என்பதை ஓரிரு சோதனைக் கிணறுகளை வைத்துச் சொல்லிவிட முடியாது.

அப்புறம் என்ன சிக்கல்?

பணம்தான். டெக்சாஸில் ஏற்கெனவே குவிந்திருக்கும் லித்தியம் பேட்டரிகளில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு மணி நேரமே தாங்குபவை. ஏன்னா, அந்தச் சந்தையில் முக்கியமாக விற்ற கரண்ட்டுக்குத்தான் காசு.  சாயங்காலம் சூரிய மின்சாரம் குறைந்து விலை எகிறும் முதல் இரண்டு மணி நேரத்தில் நல்ல லாபம். எட்டாவது மணி நேரக் கரண்ட்டுக்கு அந்த விலை கிடைக்காது. லித்தியம் பேட்டரி விலையும் பல ஆண்டுகளாகச் சரிந்து வந்திருக்கிறது.

2021 போல நாள்கணக்கில் நீளும் இருட்டை 10 மணி நேரச் சேமிப்பு தனியாகச் சமாளிக்காது. நீண்ட நேரச் சேமிப்பு நிறைய வேண்டும். அதற்குச் சந்தை இன்று பணம் தருவதில்லை. இந்த நிறுவனங்கள் நகராட்சி மின் நிறுவனம், கூட்டுறவு நிறுவனம் என்று தேடிப்போய் ஒப்பந்தம் போடுவது அதனால்தான். அந்த வாடிக்கையாளர்களுக்கு நாளைய விலையைவிட, ஊரில் விளக்கு அணையாமல் இருப்பது முக்கியம்.