பிடி பீரியடைத் தின்ற மூளை

போன வாரம் எங்கள் அம்பத்தூர் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வண்ண நோட்டீஸ் வந்து விழுந்தது. பள்ளி மாணவர்களுக்கு ஆன்லைன் மூளை விளையாட்டுப் போட்டியாம். செஸ், சுடோகு, ரூபிக்ஸ் கியூப், நினைவாற்றல். கலந்துகொள்ளும் அத்தனை பேருக்கும் இ-சர்டிபிகேட். 'அறிவுத்திறனும் மதிப்பெண்ணும் உயர்வது உறுதி' என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. நடுவே விபூதி நெற்றியோடு செஸ் கிராண்ட்மாஸ்டர் பிரக்ஞானந்தா சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நம்ம பாடிப் பையன் சார், செஸ் ஆடித்தானே இவ்ளோ மூளை!" என்று ஒருவர் எழுத, கட்டைவிரல்கள் வரிசையாக நிமிர்ந்தன.

செஸ் ஆடினால் மூளை வளரும், மூளை வளர்ந்தால் மார்க் ஏறும், மார்க் ஏறினால் ஐஐடி. இந்த ஏணியை யார் சாத்தி வைத்தார்களோ, ஆவடி முதல் பூந்தமல்லி வரை பிள்ளைகளைத் தோளில் சுமந்தபடி பெற்றோர் ஏறிக்கொண்டே இருக்கிறார்கள்.

சரி, பாடிப் பையனையே எடுத்துக்கொள்வோம். 2022 மே மாதம் ஓர் ஆன்லைன் போட்டியின் அரையிறுதியில் அனிஷ் கிரியை அவர் வென்று எழுந்தபோது நம்மூரில் மணி அதிகாலை இரண்டு. காலை எட்டே முக்காலுக்குப் பள்ளியில் இருக்க வேண்டும். பதினோராம் வகுப்புத் தேர்வு. அந்த பிப்ரவரியில்தான் உலக சாம்பியன் கார்ல்சனையே தோற்கடித்திருந்தார். 'இவனுக்குத்தான் மூளை வளர்ந்துவிட்டதே' என்று யாராவது சும்மா மார்க் போட்டார்களா? செஸ் செஸ்ஸுக்குத்தான் உதவும். பரீட்சைக்குப் பாடத்தைத்தான் படிக்க வேண்டும்.

"அவரும் ஆன்லைனில்தானே ஜெயித்தார்?" என்பீர்கள். பாடிப் பையன் 2018இலேயே, பன்னிரண்டு வயதில், கிராண்ட்மாஸ்டர். எதிராளியின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்த போட்டிக் கூடங்கள், ஆர்.பி. ரமேஷின் பயிற்சி, போகும் ஊருக்கெல்லாம் குக்கரைத் தூக்கிக்கொண்டு போய் ரசம் சாதம் வடித்துப் போட்ட அம்மா, இவ்வளவும் அந்த வெற்றிக்குப் பின்னால் இருந்தன. அக்கா வைஷாலி டிவியே கதியென்று கிடக்கக் கூடாது என்றுதான் அந்த வீட்டில் செஸ்ஸே நுழைந்தது. அவரும் கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்டார். திரையிலிருந்து பிள்ளையைப் பிரிக்க அவர்கள் போர்டை விரித்தார்கள். நீங்களோ செஸ்ஸைச் சாக்கிட்டுப் போனைக் கையில் திணிக்கிறீர்கள்.

நோட்டீஸில் வரும் ஆன்லைன் போட்டிகளின் லட்சணம்தான் என்ன? பிள்ளை ஒரு போனில் ஆடும். பக்கத்தில் அப்பா இன்னொரு போனில் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் மென்பொருளைத் தட்டி, "குதிரையை எடுடா" என்று கிசுகிசுப்பார். மிகைப்படுத்துகிறேனா? 2021இல் கொரோனா நிவாரணத்துக்காக நடந்த ஆட்டத்தில், ஐந்து முறை உலக சாம்பியனான ஆனந்தை ஒரு கோடீஸ்வரரே கம்ப்யூட்டர் உதவியோடு 'வென்றார்', பிறகு ஒப்புக்கொண்டார். தர்ம காரியத்திலேயே கை நீள்கிறது. சர்டிபிகேட்டுக்கு நீளாதா?

சரி, செஸ் ஆடினால் மார்க் ஏறுமா? இங்கிலாந்தில் 100 பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். செஸ் கற்றுக்கொண்ட பிள்ளைகள் ஓராண்டு கழித்துக் கணக்கில் மற்றவர்களை ஓர் அடிகூட முந்தவில்லை என்று 2016இல் அறிக்கை வந்தது. அதை எந்தக் குழுவிலாவது யாராவது ஃபார்வர்டு செய்தார்களா?

செய்யமாட்டார்கள். நமக்கு வேண்டியது குறுக்குவழி. நேற்று அபாகஸ், அதற்கு முன்னால் கண்ணைக் கட்டிக்கொண்டு நிறம் சொல்லும் 'மிட் பிரெய்ன்' வித்தை, இன்று இது. பிள்ளைகள் ஓடி விளையாடிய காலி மனைகளில் அடுக்குமாடி எழுந்துவிட்டது; அடுக்குமாடியில் மிஞ்சிய இடத்தில் கார் நிற்கிறது. பள்ளியில் பிடி பீரியட் வந்தால் கணக்கு வாத்தியார் போர்ஷன் முடிக்க நுழைகிறார். ஓடவும் விடாமல் உட்காரவைத்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே இன்னொரு 'விளையாட்டு' விற்கிறார்கள்.

பிள்ளைக்குச் செஸ் பிடித்திருக்கிறதா? ஒரு போர்டு வாங்குங்கள், எதிரே உட்காருங்கள், தோற்றுப்போங்கள். ஆட்டம் ஆட்டத்துக்காகவே இருக்கட்டும். மூளையைப் பற்றி அவ்வளவு அக்கறை என்றால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க் ஷீட்டை மடித்து வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எங்கள் பிள்ளைகளின் பிடி பீரியட் எங்கே?