பாலம் கடப்பது பணமா, பெயரா?

மைசூரில் அச்சாகும் ரூபாய்த் தாளையும் மேற்கு வங்கத்தின் சல்போனியில் அச்சாகும் தாளையும் எவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அச்சகங்கள் இரண்டு, வாக்குறுதி ஒன்று. இரண்டுக்கும் பொறுப்பேற்பது ரிசர்வ் வங்கி. ஸ்டேபிள்காயின் குறித்த ஆய்வுரைகள் பலவும் மறந்துவிடுவது இந்த அரிச்சுவடியைத்தான்.

டாலர் நாணயங்கள் ஒரு பிளாக்செயினிலிருந்து மற்றொன்றுக்கு நொடியில் கடக்கின்றன என்பது அவற்றின் வழக்கமான வாய்பாடு. கடப்பது எது? எத்திரியத்தில் உள்ள யூஎஸ்டிசி நாணயத்தைப் பாலம் எனப்படும் இடைநிலை அமைப்பு பூட்டி வைக்கிறது. மறு சங்கிலியில் அதற்கு ஈடாகத் தானே ஒரு டோக்கனை வெளியிடுகிறது. பெயர் அதேதான், கடனாளி வேறு. அந்த டோக்கனை வைத்திருப்பவருக்கு, நாணயத்தை வெளியிட்ட சர்க்கிள் நிறுவனத்தின் கையிருப்பின்மீது நேரடி உரிமை இல்லை. அவர் நம்பியிருப்பது பாலத்தின் பூட்டை.

2023 ஜூலையில் மல்டிசெயின் பாலத்திலிருந்து 12 கோடி டாலருக்கும் மேல் வெளியேறியது. அதன் பூட்டை நம்பி ஃபேன்டம் சங்கிலியில் உலவிய டாலர் டோக்கன்கள் மதிப்பிழந்தன. சர்க்கிளின் கையிருப்புக்கு அதனால் ஒரு சேதமும் இல்லை. பாலத்தின் சேவையகங்கள் அதன் தலைவரின் தனிக்கணக்கில் இயங்கியதை மல்டிசெயினே பின்னர் ஒப்புக்கொண்டது. இதைக் கணினிப் பிழை என்று வகைப்படுத்துவது, அறங்காவலரின் துரோகத்தை இரும்புப் பெட்டியின் பழுது என்று பதிவு செய்வதற்கு ஒப்பாகும்.

இந்தியாவுக்கு இச்சிக்கல் புதிதன்று. 1861ஆம் ஆண்டின் காகிதப் பணச் சட்டத்தின்படி, ஒரு வட்டத்தில் வெளியான தாள் அவ்வட்டத்துக்குள் மட்டுமே சட்டப்படி செல்லும். சென்னை வட்டத்துத் தாளைக் கல்கத்தாவில் ஏற்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. அதைத் தீர்த்தவர்கள் இடைத்தரகர்கள் அல்லர். 1903இல் ஐந்து ரூபாய்த் தாளில் தொடங்கி, வெளியிட்ட அரசே தன் வாக்குறுதியை வட்டங்களுக்கு அப்பால் விரித்தபோதுதான் அது தீர்ந்தது.

சர்க்கிள் 2023 ஏப்ரலில் கொண்டுவந்த முறையும் அவ்வழியைச் சார்ந்தது: புறப்படும் சங்கிலியில் நாணயம் அழிக்கப்படுகிறது, சேரும் சங்கிலியில் வெளியீட்டாளரின் பொறுப்பிலேயே புதிதாகப் பிறக்கிறது. இது ஒரே நிறுவனத்திடம் அதிகாரத்தைக் குவிக்கிறது என்னும் மறுப்பு நியாயமானதே; எந்த முகவரியையும் முடக்க அந்நிறுவனத்தால் முடியும். கையிருப்பின் இடரும் இதனால் நீங்கிவிடாது: 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கியில் 330 கோடி டாலர் சிக்கியபோது யூஎஸ்டிசி 90 சென்டுக்கும் கீழே சரிந்தது. எனினும் பெயர் தெரிந்த அதிகாரத்தைச் சட்டத்தின் முன் நிறுத்தலாம். பிறர் பெயருக்குப் பின்னே ஒளிந்திருக்கும் அதிகாரத்தை எங்கே தேடுவது?

ஆகவே வெளியீட்டாளரின் நாணயத்தையும் பாலத்தின் நகலையும் ஒரே நிரலில் கூட்டிக் காட்டும் அட்டவணை ஆய்வன்று, விளம்பரம். எத்தனை நொடியில் கடந்தது என்று அளப்பதற்கு முன், கடந்தபின் அதற்கு டாலர் தரக் கடமைப்பட்டவர் யார் என்று கேட்பதே பொருளியல்.